பாடப்புத்தகத்து முகம்

களிமண் சிலையைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெரிய மனுஷியாயிற்றே என்று அடக்கிக்கொண்டார். கூட வந்த தம்பிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. தம்பி என்றால் உடன்பிறந்தவன் அல்ல, சித்தியின் மகன்.

“அக்கா, இது எங்கப்பா” என்றான் வாயெல்லாம் பல்லாக.

சிற்பி சேறு படிந்த கையோடு திரும்பினாள். தம்பியின் மூக்கையும் சிலையின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். “சார்தான் அவரோட பையனா? அச்சு அசலா அப்படியே இருக்கீங்க.”

“அவர் பொண்ணு நான்தாம்மா” என்றார் டாக்டரம்மா. “அதான் பிரச்சினையே.”

சிலை மருத்துவக் கல்லூரி வாசலில் வைப்பதற்கு. ஒரு முழ உயரத்துக்கு இப்போது மாதிரி செய்திருந்தார்கள். இதைப் பார்த்துத்தான் பெரிய சிலையை வார்ப்பார்கள். ஆற்றோரக் காய்ச்சல் என்று ஒன்று அந்தக் காலத்தில் கரையோர வீடுகளைக் காலி செய்துகொண்டிருந்தது. தண்ணீரில்தான் கோளாறு என்று ஊரே ஆற்றைத் திட்டிக்கொண்டிருக்க, எலி மேல் ஒட்டியிருக்கும் உண்ணிதான் கிருமியைக் கொண்டுவருகிறது என்று காட்டியவர் டாக்டரம்மாவின் அப்பா. கிருமி டாக்டர் என்றால் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உயிரியல் பாடப்புத்தகத்தில் அவர் பெயரும் உண்டு, படமும் உண்டு. பெயர் அவருடையது. படம்தான் சித்தப்பாவுடையது.

நடந்தது இதுதான். பத்திரிகையிலிருந்து போட்டோக்காரர் வந்த நாளில், அப்பாவின் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் கிருமி முதல்முறையாக உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. கண்ணாடித் துண்டில் இருக்கும் சொட்டு காய்ந்தால் கதை முடிந்தது. அப்பா தலையைத் தூக்கவே இல்லை. “ஒரு ஆள் நின்னா போதும்ல? யாரையாவது நிக்க வைங்க” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு விருந்தாளியாக வந்திருந்த சித்தப்பா, துணிக்கடையில் வேலை பார்ப்பவர், ஆள் பார்க்க ராஜா மாதிரி இருப்பார். அப்பாவின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றார். பத்திரிகையில் வந்த படம் ஒரு புத்தகத்துக்குப் போனது, அதிலிருந்து இன்னொன்றுக்கு. ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற மனுஷனுக்கு ரயிலில் மாணவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவரும் பெருந்தன்மையாக உட்கார்ந்துகொண்டார். அப்பா அந்தப் படத்தை ஒரே ஒருமுறை பார்த்தார். “நல்லாத்தான் விழுந்திருக்கு” என்றார்.

இத்தனை வருடம் வீட்டில் எல்லோருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் சிலை என்றதும் டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அன்று காலையில்தான் கல்லூரி முதல்வருக்கு போன் போட்டு விஷயத்தை உடைத்தார். அவர், “சாயங்காலத்துக்குள்ள உங்க அப்பா முகத்தை மாதிரியில கொண்டுவந்துடுங்க. இல்லன்னா எல்லாரும் படிச்ச முகத்தையே வச்சிடுறோம்” என்றார்.

“போட்டோ ஏதாவது இருக்கா மேடம்?” என்று கேட்டாள் சிற்பி.

“கல்யாணப் படம் ஒண்ணு இருக்கு. அதுல எடுக்கும்போது தலையை ஆட்டிட்டார். கழுத்துக்கு மேல வெறும் புகை.”

“பரவாயில்ல, நீங்க சொல்லச் சொல்ல நான் பிடிக்கிறேன்.”

டாக்டரம்மா சொன்னார். நெற்றி அகலம் என்றார், பிறகு அவ்வளவு அகலம் இல்லை என்றார். மூக்கு கூர் என்றார். கூராக்கியதும் அது பக்கத்துவீட்டுக்காரர் ஆகிவிட்டது. அடுத்து வந்த முகம் யாருடையதாகவும் இல்லை. தம்பி டீ வாங்கி வந்து வைத்தான், அது ஆடை கட்டிக் கிடந்தது.

“எனக்கு அப்பா முகமே ஞாபகம் இல்லம்மா” என்றார் கடைசியில். வெட்கமாக இருந்தது, அதைவிடத் துக்கமாக இருந்தது. ஆயிரம் குழந்தைகளின் முகத்தைப் பார்த்து மருந்து எழுதியவருக்குப் பெற்ற தகப்பன் முகம் கூடிவரவில்லை.

“வீட்ல அவர் எங்க இருப்பார், நீங்க எங்க இருப்பீங்க?” என்று கேட்டாள் சிற்பி.

“அவர் மேசையில குனிஞ்சிருப்பார். நான் பின்னாடி தரையில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.”

சிற்பி மாதிரியை அப்படியே சுற்றி, முதுகை டாக்டரம்மா பக்கம் திருப்பி வைத்தாள். கழுத்தை முன்னால் வளைத்தாள்.

அவ்வளவுதான், டாக்டரம்மாவுக்கு வாய் ஓயவில்லை. “வலது தோள் இன்னும் ஏறணும், அந்தக் கையாலதான் மைக்ரோஸ்கோப் குமிழைத் திருகுவார். பிடரியில ரெண்டு மடிப்பு. ரெண்டு இல்ல, ஒண்ணரை. உச்சியில கொஞ்சம் முடி எண்ணெய் வச்சாலும் படியாது. காது விடைச்சிருக்கும். காலர் ஒரு பக்கம் உள்ள போயிருக்கும்மா, அதை யாரும் சரி பண்ணவே முடியாது.” சிற்பியின் விரல்கள் ஓடின. மேசை வந்தது, மைக்ரோஸ்கோப் வந்தது.

“முன்பக்கம் முகத்துக்கு என்ன பண்றது?” என்றாள் சிற்பி.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சித்தப்பாவே இருக்கட்டும்” என்றார் டாக்டரம்மா. “முகம் குனிஞ்சு பாக்குறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். முதுகு அப்பாவோடது, முதல்வரும் பொய் சொல்ல வேண்டாம். முகம் படத்துல உள்ளது, புத்தகமும் கோவிச்சுக்காது.”

தம்பி தரையில் மண்டியிட்டு எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “எங்கப்பா மைக்ரோஸ்கோப்ப தொடுறது இதான் முதல் தடவைக்கா.”

சிற்பி கை கழுவப் போனாள். தம்பி முதல்வரை போனில் கூப்பிட வெளியே போனான். டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்து மாதிரிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். அந்த முதுகையே பார்த்தார். சரியாக வந்திருக்கிறதா, இல்லை ஆசையில் அப்படித் தோன்றுகிறதா என்று ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் இருந்தது.

“அப்பா, சாப்பிட வாங்க” என்றார் மெதுவாக.

அவர் திரும்பவில்லை. அப்பாவேதான்.