சேஷாத்ரி போட்ட கோல்

சேஷாத்ரி தன் வாழ்நாளில் ஒரு பந்தைக் காலால் தொட்டவரல்லர். போஹும் பல்கலைக்கழகத்தில் இரும்பைக் காய்ச்சி ஆறவைத்து, அது ஏன் உடைகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த திருச்சிக்காரப் பிள்ளை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவரின் பெயர்தான் இரண்டு பருவமாக எசன் நகரின் வடக்கு மூலையில் ஒரு சின்னக் கால்பந்துக் கழகத்தின் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தது. பெயர் அவருடையது. கால் கிறிஸ்தோப்பருடையது.

காரணம் இதுதான். கிறிஸ்தோப்பர் இலங்கைப் பேசாலைக்காரன். மனைவி யோசப்பினோடு எண்பத்தைந்தில் ஜெர்மனிக்கு வந்து அகதி மனுப் போட்டவன். மனுப் போட்டவர்கள் வேலை செய்யக் கூடாது. ஒதுக்கிக் கொடுத்த நகரத்தின் எல்லையையும் தாண்டக் கூடாது. தாண்டிப் பிடிபட்டால் விசாரணை அன்று அதுதான் முதல் கேள்வியாக வரும் என்று அகதிகள் தங்கியிருந்த ஹைமில் அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். ஆனால் கழகத்தின் பாதி ஆட்டங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், கெல்சன்கிர்ஷனில். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் வேலியா இருக்கிறது, வாய்க்காலா இருக்கிறது? ஒரே புகை, ஒரே செங்கல் வீடு, ஒரே டிராம். எது எங்கே முடிகிறது என்பது டிராம் ஓட்டுகிறவருக்கும் பொலிசுக்கும் மட்டும் தெரிந்த தேவரகசியம்.

ஆகவே கழகம் அவனைச் சேஷாத்ரியாகப் பதிந்தது. சேஷாத்ரி மாணவர், எங்கேயும் போகலாம், வரலாம். "என் பேர் சும்மாதானே கெடக்கு, யூஸ் பண்ணிக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஆட்டம் தொடங்குமுன் நடுவர் ஒவ்வொருவரின் அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அட்டையில் கண்ணாடி போட்ட முகம். எதிரே மீசை வைத்த முகம். ஒரு நடுவருக்காவது வித்தியாசம் தெரிந்ததா என்றால் இல்லை. கறுப்பாக இருந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள். இதற்குக் கோபப்படுவதா நன்றி சொல்வதா என்று கிறிஸ்தோப்பருக்குக் கடைசிவரை முடிவாகவில்லை.

அந்தக் கழகத்தில் அவனுக்கு வாய்த்த ஒரே சிநேகிதர் ப்ரெண்டன். மைதானத்தைக் கூட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர். அறுபதை எட்டிய அயர்லாந்துக்காரர். கட்டட வேலைக்கென்று இங்கிலாந்து போய், அங்கிருந்து ஜெர்மனிக்கு வந்து, ஒரு ஜெர்மன்காரியைக் கட்டி, அவளையும் புதைத்துவிட்டுத் தனியே இருந்தார். இளவயதில் சம்பளமில்லாத கழகங்களில் ஆடியவராம். இடது கால் நொண்டி. வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்தது என்பார்; மேலே கேட்டால் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். நமக்கு விளங்க வேண்டுமே என்பதற்காக அதைப் பேசாலைத் தமிழிலேயே தருகிறேன்.

எண்பத்தேழு வைகாசியில் பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது, அதுவும் கெல்சன்கிர்ஷனில். அதற்கு இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கிறிஸ்தோப்பருக்கு விசாரணை ரெர்மின். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் நாள் குறித்துக் கொடுப்பார்கள், அதற்குப் பெயர் ரெர்மின். இந்த ஒன்றுக்காகத்தான் புருஷனும் மனைவியும் இரண்டு வருடமாக ஹைமின் ஓர் அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"ரெர்மினை வைச்சுக்கொண்டு எல்லை தாண்டிப் போய்ப் பந்தடிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறியள்?" என்றாள் யோசப்பின்.

"பதினொரு பேர் இல்லையாம். தோத்தால் கீழ்ப்பிரிவுக்குப் போகவேணும்."

"அவையள் கீழை போனால் போகட்டும். நாங்கள் இதுக்குக் கீழை எங்கை போறது?"

அவள் சொன்னது முழுக்க நியாயம். கிறிஸ்தோப்பருக்குத் தன் காரணத்தை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது: கையைக் கட்டி உட்காரவைத்த இந்த நாட்டில், நீ வந்தால்தான் ஆகும் என்று அவனைக் கூப்பிட்ட ஒரே இடம் அந்த மைதானம். அதற்காகவே போனான். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியபோது அவள் கதவைச் சாத்தவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை.

அந்தப் பக்கத்து மைதானங்களில் புல் என்ற பேச்சே கிடையாது. சுரங்கக் கழிவை அரைத்துக் கொட்டிய செஞ்சாம்பல். விழுந்தால் தோலை உரித்து உப்புத் தடவிவிடும். எசன் ஆட்களில் பாதிப்பேர், போன கிறிஸ்மஸுக்கு முன் மூடிய சுரங்கத்தில் வேலை போனவர்கள்; ஓட்டமும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கோலில்லாமல் களைத்துப்போய், யாராவது ஊதி முடிக்க மாட்டார்களா என்று நடுவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மூலை உதை கிடைத்தது. பின்வரிசைக்காரன் முன்னே போவதில்லை. அன்று ஏனோ போனான். யாரோ தலையால் முட்டி யாரோ முழங்காலில் பட்டுத் திரும்பிய பந்து அவன் இடது காலடியில் வந்து விழுந்தது. ஓங்கி அடித்தான். பந்து உள்ளே போனதை அவன் பார்த்தான். அடுத்த கணம், பாய்ந்து வந்த கோல்காப்பாளர், தோணி கரையேறுகிற மாதிரி, அந்தக் காலின் மேல் வந்து விழுந்தார்.

சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற ப்ரெண்டனுக்கே கேட்டது. அவர் நொண்டிக்கொண்டு ஓடி வந்து, வீங்கத் தொடங்கியிருந்த கணுக்காலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"முறிஞ்சு போச்சுது. சப்பாத்தைக் கழட்டாதையும், அதுதான் இப்ப காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அம்புலன்சுக்குப் போன் அடிக்க ஆள் ஓடிட்டுது."

அதைக் கேட்டதும்தான் கிறிஸ்தோப்பருக்கு உயிர் போனது. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பெயர் கேட்பார்கள். தன் பெயரைச் சொன்னால், நீ எப்படி எல்லை தாண்டினாய் என்று வரும். சேஷாத்ரியின் பெயரைச் சொன்னால் ஒன்றுமறியாத அந்தப் பிள்ளையின் படிப்புக்கே உலை வைத்ததாகும்.

"அது வாறதுக்கு முன்னம் என்னை டிராமிலை ஏத்துங்கோ. எசனிலை விழுந்தனெண்டு சொல்லுவம்."

"விசரே உமக்கு? இவ்வளவு தூரம் இந்தக் காலோடையோ?"

"செவ்வாய்க்கிழமை எனக்கு ரெர்மின்."

டிராம் தரிப்பிடம் மைதான வாசலுக்கு எதிரேதான். வெறும் சுளுக்கு, சுளுக்கு என்று எல்லோருக்கும் பல்லைக் காட்டிக்கொண்டே, ப்ரெண்டனின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் தெருவைக் கடந்தான். நொண்டிக்கு நொண்டி துணை. டிராம் நகர்ந்தபோது பின்னால் அம்புலன்சின் ஊதல் கேட்டது.

உள்ளே ஆளில்லாத பின் இருக்கையில் அவனைச் சாய்த்துவிட்டு, ப்ரெண்டன் அவனுடைய இலக்கமிட்ட சட்டையைக் கழற்றித் தன் பைக்குள் திணித்தார்; தன் கோட்டைப் போர்த்திவிட்டார். பிறகு லேஞ்சித் துணியில் எச்சில் தொட்டு அவன் முழங்காலிலும் கன்னத்திலும் இருந்த செஞ்சாம்பலைத் துடைக்கத் தொடங்கினார். டிராம் குலுங்கும் போதெல்லாம் கிறிஸ்தோப்பர் மாதாவைக் கூப்பிட்டான்.

"வைக்கோல் வண்டி எண்டது பொய்," என்றார் ப்ரெண்டன், துடைப்பதை நிறுத்தாமல்.

அவருடைய ஊரில் அப்போது இரண்டு கால்பந்து இருந்தது. ஒன்று சொந்த நாட்டு ஆட்டம், பந்தைக் கையாலும் பிடிக்கலாம். மற்றது உலகமெல்லாம் ஆடுவது, இங்கிலாந்துக்காரன் கொண்டுவந்தது. சொந்த ஆட்டம் ஆடுகிறவன் அந்நிய ஆட்டத்தில் கால் வைத்தால் ஒதுக்கிவிடுவார்கள். போதாததற்கு, யார் ஆடுகிறான் என்று கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேவு பார்க்கவும் ஆள் வைத்திருந்தார்கள். ப்ரெண்டனின் அப்பா ஊர்க் கழகத்தின் செயலாளர். மகனோ ஒரு ஞாயிறு ஊருக்காக ஆடிவிட்டு, மறு ஞாயிறு சைக்கிளை மிதித்துப் பட்டணம் போய், ஒன்றுவிட்ட சகோதரன் ஃபின்ட்டன் பெயரில் அந்நிய ஆட்டம் ஆடினான். கூட ஆடியவர்கள் தபால்காரர், தச்சர், பால் கறப்பவர். ஆட்டம் முடிந்தால் ஒரு தேத்தண்ணி, ஒரு துண்டு பாண், அவ்வளவுதான் வரும்படி. காலையில் மாட்டுக்குத் தீன் வைக்க எழும்ப வேண்டும். ஃபின்ட்டன் பலசரக்குக் கடைக்காரன், பந்தைக் கண்டால் ஒதுங்கி நடப்பவன். நாட்டின் சம்பளமில்லா அணிக்கு ஆள் எடுத்தபோது தெரிவானவன் அவன்தான்.

"அந்த அணியோடை ஆடப் போறதுக்கு முந்தின கிழமை கால் உடைஞ்சது. பட்டணத்து ஆஸ்பத்திரியிலை பேர் சொல்லேலாது. பால் லொறியிலை ஏறி ஊருக்கு வந்து, வைக்கோல் வண்டிக்குப் பக்கத்திலை படுத்துக்கொண்டு கத்தினனான். டொக்டர் வந்து சேர, கால் காலாயில்லை."

"பேந்து?"

"பேந்தென்ன. ஃபின்ட்டன் போன வருசம் செத்தவன். ஊர்ப் பேப்பரிலை போட்டிருந்தினம், நாட்டு அணிக்குத் தெரிவான வீரனெண்டு. நான் பூ அனுப்பினனான்." லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார். "அடுத்த தரிப்பிலை இறங்குவம். இன்னும் நேரமிருக்கு. என்ரை காலைப் பாரும்."

கிறிஸ்தோப்பர் பார்த்தான். அந்தக் காலைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது.

"உங்களை அப்பா ஏசியிருப்பார். எங்களைத் திருப்பி அனுப்புவினம்."

ப்ரெண்டன் கோட்டை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டார். டிராம் நின்றது, இறங்கவில்லை. மறுபடி நின்றது, இறங்கவில்லை. எங்கேயோ அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடும் கடந்து போனது. எசன் பக்கத்து முதல் தரிப்பிடத்தில் அவனை இறக்கி நடைபாதையில் படுக்கவைத்துவிட்டு, ப்ரெண்டன் மஞ்சள் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்தார்.

அம்புலன்சில் வந்தவன் குனிந்து பார்த்தான். எங்கே விழுந்தார் என்று கேட்டான். இங்கேதான், தரிப்பிடப் படியில், என்றார் ப்ரெண்டன். அப்போதுதான் மூவரும் ஒன்றாக அந்தக் காலைப் பார்த்தார்கள். சட்டையை ஒளித்தாகிவிட்டது, சாம்பலைத் துடைத்தாகிவிட்டது, கழற்றாதே என்று கழற்றாமல் விட்ட சப்பாத்தின் அடியிலிருந்து ஆணிகள் அத்தனையும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வந்தவன் அவற்றுக்கிடையே ஒட்டியிருந்த செஞ்சாம்பலை விரலால் சுரண்டிப் பார்த்தான்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் படி பொல்லாதது," என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் பெயரைக் கேட்டான். கிறிஸ்தோப்பர் அன்று முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரைச் சொன்னான்.

சப்பாத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். எலும்போடு இரும்புத் தகடு வைத்தார்கள். பிந்தி வந்துவிட்டீர்கள், நடக்கலாம், ஓட்டத்தை மறந்துவிடுங்கள் என்றார் வைத்தியர். அதையும் அவன் தாங்கிக்கொண்டான். புதன்கிழமை யோசப்பின் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"ரெர்மினை மாத்திப் போட்டினம். ஆஸ்பத்திரியிலை எண்டு சொன்னனான், ஓமெண்டு சொல்லிக் கார்த்திகைக்குத் தள்ளி வைச்சிட்டினம்." பிறகு சொன்னாள்: "எங்கை விழுந்தவர், எப்பிடி விழுந்தவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

கிறிஸ்தோப்பர் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தான், கால் விடவில்லை. இதற்காகவா அத்தனை தரிப்பிடங்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன் என்று நினைக்க நினைக்க அழுகைகூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. இன்னும் ஆறு மாதம் அதே அறை, அதே சுவர். ப்ரெண்டன் ஜன்னலோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவருக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் விளங்கியவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சேஷாத்ரி ஒரு பை தோடம்பழத்தோடு வந்தார். முகம் செத்திருந்தது.

"சாரி சார். எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. லோக்கல் பேப்பர்ல வந்துருக்கு. சேஷாத்ரியின் கோல் அணியைக் காப்பாத்திச்சுன்னு. எங்க புரொஃபசர் லேப்ல எல்லார் முன்னாடியும் கை குடுத்தார். மறுக்கவும் முடியல. இனிமே நான் என்ன பண்ணட்டும்?"

"தம்பி, சேஷாத்ரி ஓய்வு எடுத்திட்டாரெண்டு சொல்லும். நல்லா ஆடேக்கை விட்டிட்டார்," என்றான் கிறிஸ்தோப்பர். யோசப்பின் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சேஷாத்ரி, பேப்பரிலிருந்து வெட்டிய செய்தியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். தரவா, வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஜெர்மன் வாசிக்க வராது. எந்தக் காலாலை எண்டு போட்டிருக்கே?" என்று கேட்டான் கிறிஸ்தோப்பர்.

சேஷாத்ரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேடினார். "லெஃப்ட். இடது காலாலன்னு போட்டிருக்கு சார்."

"வடிவாப் பாரும்."

"ஆமா சார். இடது கால்தான்."

கிறிஸ்தோப்பர் போர்வையை விலக்கி, மாவுக்கட்டுக்குள் தூக்கிக் கட்டியிருந்த இடது காலைப் பார்த்தான். "பேர் பிழை," என்றான். "கால் சரி." அதற்குப் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது, யோசப்பின் எழுந்து கதவைச் சாத்தினாள்.