ஹாண்டிலுக்கு ஒரு சட்டை

ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரி பஞ்சாலைக்குக் கழுத்து திரும்பவில்லை. மரவள்ளி மூட்டையைத் தலையில் சுமந்து மந்தின் பசார் சந்தைக்குப் போய் வந்தால் மறுநாளெல்லாம் இப்படித்தான். யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டும். தலை ஒரு மூட்டைதான் தாங்கும். அதற்குக் கிடைக்கும் அரிசியும் உப்பும் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பாதி வாரம் வரும். மீதி வாரம் வெறும் கிழங்கு. புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து இதுதான் பிழைப்பு.

அவன் விட்டுப்போன சைக்கிள் தோட்டத்து லய வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதில் இரண்டு மூட்டை ஏற்றலாம். டயருக்குப் பதில் முறுக்கிய ரப்பர் கயிறு, இருந்தாலும் ஓடும். ஹாண்டில்தான் துருப்பிடித்து முறிந்துவிட்டது. லோபாக் ஊரில் ஹாஜா மைதீனின் பழைய சாமான் கடையில் கிழங்கு கொடுத்துப் பழைய ஹாண்டில் ஒன்று வாங்கி வந்தாள். மாட்டிப் பார்த்தால் அது மெலிசு. ஹாண்டிலைக் கவ்வுகிற இரும்புக் கழுத்துக்குள் லொடலொடவென்று ஆடியது. போல்ட்டை எவ்வளவு முடுக்கியும் பிடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு இராஜமாணிக்கம் புகைவீட்டில் ரப்பர் தாள் காயப்போடுகிறவன்.

“இதுக்கா மலைக்கிற தங்கச்சி? ஒரு துண்டு ரப்பர் ஷீட்ட சுத்தி முடுக்கு. செத்தாலும் நகராது லா!”

அந்தத் தோட்டத்தில் எது போனாலும் ரப்பர்தான் வைத்தியம். செருப்புக்கு ரப்பர், ஒழுகுகிற கூரைக்கு ரப்பர், கதவுக் கீலுக்கும் ரப்பர். சுற்றி முடுக்கினார்கள். ஹாண்டில் கல்லாக நின்றது. இராஜமாணிக்கம் மீசையைத் தடவினான்.

“மூட்டைய ஏத்துறதுக்கு முந்தி என்னை ஏத்திப் பாக்குறேன். நீ சக்கரத்தைப் பிடிண்ணே” என்றாள் பஞ்சாலை.

அவன் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான். அவள் இரண்டு கைப்பிடியிலும் உடம்பு பாரத்தை முழுக்கப் போட்டாள். தூங்கி விழுகிறவன் தலையைப் போல ஹாண்டில் மெல்லக் கவிழ்ந்தது. அவள் குப்புறப் போய் அவன் தோளில் மோதினாள்.

எதிர்வீட்டு ராக்கம்மா கஞ்சிக் குவளையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அடியே, சயாமுக்குப் போனவன் வந்து கேட்டா நான் என்னடி சாட்சி சொல்லட்டும்?”

“இங்க சாஞ்சா சிரிப்புக்கா. கோயில் மேட்டு எறக்கத்துல சாஞ்சா மூட்டையும் நானும் பள்ளத்துல. பிள்ளைங்களுக்கு யாரு?”

ராக்கம்மா குவளையோடு கிட்டே வந்தாள்.

போல்ட்டைக் கழற்றினாள். ரப்பர் நசுங்கி இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. “நசுங்குற சாமான் ஆகாதுண்ணே. தகடுதான் வேணும்.” ரப்பர்ப் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணமெல்லாம் கண்ணாடி. கிடந்த தகரமெல்லாம் துருவேறித் தொட்டால் உதிர்ந்தது. ராக்கம்மா மிச்சக் கஞ்சியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அலுமினியக் குவளையை நீட்டினாள்.

“இத வெட்டு.”

“நீ எதுலக்கா குடிப்ப?”

“செரட்டைல. வாய் அதேதானடி.”

பஞ்சாலை வாழைநாரால் ஹாண்டிலைச் சுற்றி அளந்தாள். கழுத்தின் அகலத்துக்கே தகட்டை வெட்டினாள். ஓரம் கீறினால் ஹாண்டில் அந்த இடத்திலேயே முறியும் என்று கல்லில் தேய்த்து மழுக்கினாள். சாம்பல் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாள்.

“ரெண்டு முனையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறட்டுமே, இன்னும் இறுக்கும்ல?” என்றான் இராஜமாணிக்கம்.

“ஏறுன எடத்துல மட்டும்தான் கவ்வும், மத்த எடம் சும்மா கெடக்கும். சட்டை மாதிரி ஒரே சீரா சுத்தி வரணும். பொத்தான் எடத்துல மட்டும் கொஞ்சம் விடணும்.”

அந்த இடைவெளியைக் போல்ட் இறுக்குகிற கழுத்துப் பிளவுக்கு நேராக வைத்து முடுக்கினாள். பிளவு முழுக்க மூடவில்லை; அப்படியென்றால் கவ்வல் தகட்டின் மேல் இருக்கிறது. கழுத்துக்கும் ஹாண்டிலுக்கும் குறுக்கே கரியால் ஒரு கோடு போட்டாள். மறுபடி பாரத்தைப் போட்டாள். பிறகு இராஜமாணிக்கத்தையும் போடச் சொன்னாள். அவன் தொங்கியே பார்த்தான். கோடு உடையவில்லை.

சந்தை நாள் விடியலில் புருஷனின் காக்கி அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு மூட்டையோடு கிளம்பினாள்.

“தொர கெளம்பிட்டாரு, வழி விடுங்கடி!” என்று லயமே கூவியது.

கோயில் மேட்டு இறக்கத்தில் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டாள். மூட்டைகள் முன்னே தள்ள, அவள் ஹாண்டிலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி அடிமேல் அடியாகக் கால் வைத்தாள். தோள் நடுங்கியது. ஹாண்டில் நடுங்கவில்லை. பாலத்தில் காவல் நின்ற ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணங்கினாள். நல்ல சைக்கிள் என்றால் பிடுங்கிக்கொள்கிற ஆள், ரப்பர் கயிற்றுச் சக்கரத்தைக் கண்டு சிரித்து, போ என்று கை காட்டினான்.

பொழுது சாய்வதற்குள் அரிசியும் உப்பும் பின்னால் ஆட, சமதரையில் ஏறி மிதித்துக்கொண்டே லயத்துக்குள் நுழைந்தாள். கழுத்து நன்றாகத் திரும்பியது. ஒவ்வொரு வாசலாகத் திரும்பிப் பார்த்தாள்.

“நாங்க போட்ட தகடு அது!” என்றான் இராஜமாணிக்கம் கூட்டத்திடம்.

“நாங்களா? நீ தொங்குனண்ணே. போட்டது நானு.”

அன்றிரவு பிள்ளைகள் சோறு தின்றார்கள். ராக்கம்மாவுக்கும் ஒரு படி அரிசி போயிற்று. ஆனால் அது அரிசிக் கணக்கு; குவளைக் கணக்கு தனி. பஞ்சாலை அவளுக்கு ஓர் அலுமினியக் குவளை தர வேண்டும். இன்னும் தரவில்லை.