ஏழாவது உறுப்பினர்

பழைய வேட்டியின் கரையைப் பல்லால் கடித்து, வேதாசலம் அதை நீளவாக்கில் கிழித்தார். அந்தத் துண்டால் அண்ணனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துச் சுற்றினார். கால் இன்னும் விறைக்கவில்லை. இடது கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. முழங்காலால் அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு முடிச்சுப் போடும்போதுதான் தெருவில் அந்த அலறல் கேட்டது.

"ஐயோ தலைவரே... என்ன வுட்டுட்டுப் பூட்டியே தலைவரே..."

குரல் எழும்பியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லப்பன். மைக் இல்லாமல் விடிய விடியப் பாடுகிற தொண்டை. அதுவரை கூடத்தில் விசும்பிக்கொண்டிருந்த பெண்கள் அந்தக் குரலைக் கேட்டதும் வாய்விட்டு அழத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

அண்ணன் சடையப்பன் இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வேதாசலத்துக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கூடப் பிறந்தவன் உள்ளே உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, தெருவில் நிற்பவன் ஊரையே அழ வைக்கிறான்.

அண்ணி ஆதிலட்சுமி நெற்றியில் வைக்கக் காசும் விபூதித் தட்டும் கொண்டுவந்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"எல்லப்பன் தான? பாவம், இப்பத்தான் வந்து சேர்ந்தான். வெடிகாலைல அஞ்சு மணிக்கே அவன இட்டாரச் சொன்னாரு ஒங்க அண்ணன். ஆள் அனுப்பினேன். ஆட்டத்துக்குப் போன எடத்துலேர்ந்து அவன் இன்னும் திரும்பலன்னு வந்து சொன்னாங்க."

வேதாசலம் காசை வாங்கிக்கொண்டார். "என்னக் கேட்டாரா அண்ணி?"

"நீதான் தெனமும் வர்ற ஆளாச்சே தம்பி."

அது உண்மைதான். வேதாசலம் உத்திரமேரூரில் பள்ளிக்கூட வாத்தியார். அண்ணன் படுத்ததிலிருந்து தினமும் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு திருப்புலிவனம் வந்து பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். இன்றும் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். அண்ணி கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போயிருந்தாள். ஏழு மணிக்கு அண்ணன் மூச்சு நின்றபோது பக்கத்தில் இருந்தது அவர் ஒருவர்தான்.

சடையப்பனுக்குப் பிள்ளை இல்லை. அறுபத்தோரு வயது. ஆறு காணி நஞ்சை, ஒரு மாட்டுக் கொட்டகை, இளமையில் எழுதிய மூன்று நாடகங்கள். ஆனால் செங்கற்பட்டு மாவட்டம் முழுக்க அவரைத் 'தலைவர்' என்று கூப்பிட்டதற்குக் காரணம் நாடக எழுத்தாளர் உரிமைச் சங்கம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் ஒரு குழு எல்லப்பனின் 'ஏரிக்கரைச் சாட்சி' நாடகத்தை வேறொருவர் பெயரில் நோட்டீஸ் அடித்து ஆடியது. கேள்விப்பட்ட சடையப்பன் வண்டி கட்டிக்கொண்டு போனார். பாதி ஆட்டத்தில் மேடை ஏறி, ராஜா வேஷம் கட்டியவனின் கையைப் பிடித்து நிறுத்தி, "எழுதினவன் பேரச் சொல்லிட்டு ஆடுங்கப்பா" என்றார். காலனியில் குடியிருக்கிற ஒரு கூலிக்காரனின் பெயரை அந்த மேடையில் மூன்று தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் இறங்கினார். அந்த வருஷமே சங்கம் பிறந்தது. உறுப்பினர் எழுதிய நாடகத்தை யார் ஆடினாலும் சங்கத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நோட்டீஸில் எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். சண்டை போட்ட குழுக்கள்கூடப் பிறகு அவரிடம் வந்து சீட்டு வாங்கிக்கொண்டு, அவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மேடை ஏறியவர் அண்ணன். மற்றதெல்லாம் வேதாசலம். சங்க விதிகள் முப்பத்திரண்டையும் அவர்தான் எழுதினார். செயலாளர் என்ற முறையில் சீட்டுகளையும் அவரே எழுதினார். அவர் எழுதிய நாடகங்கள் பதினான்கு பதிவில் இருந்தன. அவற்றுக்கு ஒன்பது வருஷத்தில் கேட்டு வந்த சீட்டு பதினொன்று. எல்லப்பனின் இரண்டு நாடகங்களுக்கு நானூறுக்கு மேல். ஒவ்வொரு சீட்டிலும் 'ஆசிரியர்: எல்லப்பன்' என்று வேதாசலம் தன் கையாலேயே எழுதினார்.

"எழுத்துன்னா அது எல்லப்பன் எழுத்துடா," என்பார் அண்ணன், தம்பி பக்கத்தில் இருக்கும்போதே. அதில் சூது ஒன்றும் கிடையாது. நெல் நன்றாக விளைந்திருக்கிறது என்பதைப் போலத்தான் சொல்வார். அதுதான் வேதாசலத்தால் தாங்க முடியாதது.

சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஏழு இடம். நிர்வாகக் குழு உறுப்பினர் தன் பெயரில் வீட்டுவரி ரசீது உடையவராக இருக்க வேண்டும் என்பது நான்காவது விதி. புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு ரசீது ஏது? பொறுப்பானவர்கள் வர வேண்டும் என்பதற்காக வைத்த விதி என்று வேதாசலம் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எழுதும்போது மனதில் ஓடிய முகம் எது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

போன வருஷம் ஒரு பெரியவர் இறந்து ஏழாவது இடம் காலியானது. சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை, இருமிக்கொண்டே கூட்டத்துக்கு வந்த அண்ணன், ரசீது விதியை எடுத்துவிட்டு எல்லப்பனை அந்த இடத்தில் போடலாம் என்றார். எதிர்த்து முதலில் எழும்பியது தம்பியின் கை. அண்ணன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்றுக்கு மூன்று. சமமாக வந்தால் தலைவர் இன்னொரு ஓட்டுப் போடலாம் என்பதும் வேதாசலம் எழுதிய விதிதான். அண்ணன் போட்டார்.

ஆனால் தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்ட கூட்டக் குறிப்பின் நகல் பதினான்கு நாளைக்குள் காஞ்சிபுரம் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது. அந்தக் குறிப்பை எழுத வேண்டியவர் வேதாசலம். பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருக்கிறது என்று தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் அண்ணன் ஆள் அனுப்பி நோட்டைத் தன் வீட்டுக்கே வாங்கிக்கொண்டார். இன்று வெள்ளிக்கிழமை. வருகிற செவ்வாயோடு கெடு முடிகிறது.

பத்து மணிக்கு மேல் ஊர் ஊராக வரத் தொடங்கினார்கள். நாடகக்காரர்கள் மிருதங்கத்தையும் ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டே வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். குழுவின் துணைத் தலைவர், ரைஸ்மில் சேட்டு, பெரிய ரோஜா மாலையைப் போட்டுவிட்டு வேதாசலத்தைத் தோளோடு அணைத்துக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார்.

"மனச தேத்திக்க வாத்தியாரே. இன்னா பண்றது, நம்ம கைல இன்னா கீது? காரியம் முடியட்டும். கமிட்டி கூட்டி ஒன்னிய தலைவரா போட்டுர்லாம். நானும் நம்மளோட கை தூக்கின வேதகிரியும் பேசிட்டோம்."

வேதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். முகம் தெரியக் கூடாதே என்றிருந்தது. அண்ணன் பத்தடி தூரத்தில் கிடந்தார். ஆனாலும் மனசு ஒரு துள்ளுத் துள்ளிவிட்டது.

"அந்தத் தீர்மானம் அப்டியே கெடக்கட்டும்," சேட்டு குரலைத் தாழ்த்தினார். "செவ்வாகெழம தாண்டினா அதுவா செத்துப்..." சொல்ல வந்ததை நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதுவா பூடும்."

தெருக்கோடியில், காலனி ஆட்கள் நிற்கிற இடத்தில், எல்லப்பன் வேப்பமரத்தடியில் குந்தியிருந்தான். முகத்தில் முந்தின இரவின் அரிதாரம் காதோரம் ஒட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அவனிடம் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். துக்கத்தை அங்கே கேட்டுவிட்டு, மாலையை இங்கே போடுகிறார்கள் என்று வேதாசலத்துக்குத் தோன்றியது.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் நேரத்தில் அண்ணி அவரை அறைக்குள் கூப்பிட்டாள். தலையணைக்கு அடியிலிருந்து காலிகோ துணி அட்டை போட்ட சங்க நோட்டை எடுத்து நீட்டினாள்.

"செகரட்டரி கையெழுத்து ஒண்ணுதான் பாக்கின்னு சொல்லிக்கினே இருந்தாரு. ஒன்னாண்ட குடுத்துரச் சொன்னாரு."

"எங்கிட்ட சொல்லலியே?"

"நீ தெனமும் வரும்போது கேப்பன்னு பார்த்துக்கினு இருந்தாரு போல."

வேதாசலம் நோட்டைக் கொல்லைக்கு எடுத்துப் போய், கிணற்று மேடையில் உட்கார்ந்து பிரித்தார். அண்ணனின் எழுத்து நடுங்கி, வரியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

'விதி நான்கில் வீட்டுவரி ரசீது பற்றிய பகுதியை நீக்கவும், காலியாக உள்ள ஏழாவது இடத்துக்குத் திரு. எல்லப்பன் அவர்களை நியமிக்கவும் செயலாளர் திரு. வேதாசலம் முன்மொழிந்தார். தலைவரின் இரண்டாவது வாக்கால் தீர்மானம் நிறைவேறியது.'

கீழே சடையப்பனின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் வெற்றிடம்.

வேதாசலம் இன்னொரு தடவை படித்தார். செயலாளர் திரு. வேதாசலம் முன்மொழிந்தார். நாளைக்கு இந்த நோட்டைப் பார்க்கிற எவனும், எல்லப்பனைக் கொண்டுவந்தது வேதாசலம் என்றுதான் நினைப்பான். எதிர்த்து உயர்ந்த தம்பியின் கையை அண்ணன் எழுத்திலேயே கீழே இறக்கிவிட்டார்.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயசில் தான் உடைத்த கண்ணாடிக்கு அண்ணன் அடி வாங்கியபோதும் இப்படித்தான் இருந்தது. அன்று அப்பா அண்ணனைத்தான் அடித்தார். ஊர் அண்ணனைத்தான் மெச்சியது. இந்த ஆள் செத்தும் ஒரு படி மேலேயே நிற்கிறார்.

கையெழுத்துப் போடாமல் மூடிவைத்துவிடலாம். தலைவர் பதவி வந்துவிடும். ஆனால் அப்புறம் எல்லப்பன் ஆயுசு முழுக்க அண்ணனின் நிறைவேறாத ஆசையாக இந்த ஊர்களில் நடமாடுவான். குழுவில் உட்கார்ந்தால் ஏழு பேரில் ஒருவன், அவ்வளவுதான். இது நல்ல எண்ணமில்லை என்று வேதாசலத்துக்கே தெரிந்தது. வேறு எண்ணம் வரக் காணோம். மேலும், தீர்மானம் நிறைவேறியது நிஜம். அதை அவர் கண்ணால் பார்த்தார்.

பேனாவைத் திறந்தார். தன் பெயர் இருந்த இடத்தை ஒரே கோட்டில் அடித்து, மேலே எழுதினார்: 'தலைவர் திரு. சடையப்பன் முன்மொழிந்தார். செயலாளர் வேதாசலம் எதிர்த்து வாக்களித்தார்.' தலைவர் கையெழுத்திட்ட பிறகு குறிப்பைத் திருத்துவது முறையில்லை. பொய்யை விட்டுவைப்பதும் முறையில்லை. திருத்தத்தின் ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டார். பிறகு வெற்றிடத்தில் முழுக் கையெழுத்தைப் போட்டார்.

நிமிர்ந்தபோது குடத்தோடு அண்ணி நின்றிருந்தாள்.

"அவரு எழுதினத அடிச்சிட்டியா?"

"தப்பா எழுதியிருந்தாரு அண்ணி."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு குடத்தைக் கிணற்றில் இறக்கினாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பிள்ளை இல்லாததால் கொள்ளிச் சட்டி தம்பி கைக்கு வந்தது. மேளம் முன்னால் போக, தெருக்கோடி தாண்டியதும் எல்லப்பனும் அவன் ஆட்களும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். யாரும் தடுக்கவில்லை. சுடுகாட்டில் அவர்கள் எட்டத்தில் நின்றார்கள். வேதாசலம் தீ வைத்தார். திரும்பிப் பார்க்காமல் ஏரிக்குப் போய் மூன்று முழுக்குப் போட்டு எழுந்தார்.

சேட்டு வண்டியோடு காத்திருந்தார். "நீ போ, நான் நடந்து வரேன்," என்றார் வேதாசலம். கூட்டம் கலைந்து போயிற்று. கரைமேல், ஈர வேட்டியோடு நடக்கத் தொடங்கியபோது எல்லப்பன் ஒரு பனைமரத்தை ஒட்டி நின்றிருந்தான்.

"எல்லப்பா."

"சொல்லுங்க வாத்தியாரய்யா."

"கையெழுத்துப் போட்டுட்டேன். திங்கக்கெழம நானே காஞ்சிபுரம் போய் ஆபீஸ்ல குடுத்துடறேன். இனிமே நீ கமிட்டி மெம்பரு."

எல்லப்பன் தலையை மட்டும் அசைத்தான்.

"நான் ஒனக்கு எதிரா கை தூக்கினவன். அதுவும் அதுல எழுதிகீது. அப்பால நீயா படிச்சித் தெரிஞ்சிக்க வோணாம்னு சொல்றேன்."

"தெரியும்ங்க."

"யாரு சொன்னா? அண்ணனா?"

"அவரு சொல்வாருங்களா? சீட்டுல என் பேரு எழுதும்போது பேனாவ அழுத்துவீங்க. பின்பக்கம் தடவினா கைல படும். நானூறு சீட்டுங்க."

வேதாசலம் ஏரியைப் பார்த்தார். எல்லப்பன் தயங்கி, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்கக் கூடாது. கடைசில நீங்கதான் கூட இருந்தீங்களாம். நான் குடுத்து வெக்கல. ஒங்களாண்ட இன்னா சொன்னாரு?"

அவன் கண்ணில் தெரிந்தது துக்கம் மட்டுமில்லை. வேதாசலத்துக்கு அது நன்றாகத் தெரிந்த ஒன்று. ஒன்பது வருஷமாக அது அவரோடுதான் இருந்தது.

"ஒண்ணும் சொல்லல," என்றுவிட்டு நடந்தார்.

இருபதடி போனதும் நின்றார். திரும்பவில்லை.

"கண்ணத் தொறந்தாரு. பார்வ சரியா இல்ல. என் கையக் கெட்டியா புட்ச்சிக்கினு, 'எல்லப்பா வந்துட்டியா'ன்னாரு."

பின்னாலிருந்து, பாடுகிறவனின் தொண்டையா அது என்று கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"வந்துட்டேன்னு சொன்னேன்."

ஏரிக்கு அந்தப் பக்கம் ஒருவன் மாடுகளைத் தண்ணீரிலிருந்து கரையேற்றிக்கொண்டிருந்தான். வேதாசலம் நடந்தார். பத்தடி பின்னால் எல்லப்பனின் காலடி கேட்டது. கரை அகலமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து போகலாம். வேதாசலம் நடையைக் குறைத்தார். பின்னால் வந்த காலடியும் குறைந்தது.