ஓவன் பக்கத்து ஆள்

வீட்டில் அவளுக்குப் பேர் பாப்பா. தலையில் நரை எட்டிப்பார்த்த பிறகும் பாப்பாதான். மின்விசிறி இறக்கை செய்யும் தொழிற்சாலையில், திட்டமிடும் பிரிவில் வேலை. அவளுடைய அக்காவுக்கும் அங்கேதான் பிழைப்பு. பெயின்ட் பூசிய இறக்கைகள் ஓவனில் வெந்து வெளியே வரும்போது, சூட்டோடு சூடாக அவை இருக்கும் பெரிய தட்டுகளை இறக்கி அடுக்குகிறவள்.

தொழிற்சாலை ஓடுகிற விதத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்க்க ஒரு சிமுலேஷன் மென்பொருள் வாங்கினார்கள். கற்றுக்கொள்ளும் பொறுப்பு பாப்பாவின் தலையில் விழுந்தது. ஸ்டோருக்கு மேலிருந்த அறையில் வகுப்பு. பயிற்சியாளர் வாயில் எந்நேரமும் ஒரு இருமல் மிட்டாய் உருளும்.

"பயப்படாதீங்க மேடம், குழந்தைங்க கட்டை அடுக்குற மாதிரிதான். இது பொருள் உள்ள வர்ற இடம். இது வரிசை, சரக்கு இங்க காத்துக்கிட்டு நிக்கும். இது மெஷின். இது வெளிய போற இடம். அம்புக்குறி போட்டு இணைச்சிட்டா தானா ஓடும்."

பாப்பா ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் நின்று, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று அளந்து வந்து உள்ளே கொடுத்தாள். ஆட்களுக்குப் பதில் சின்னச் சின்னப் பொம்மைகளை நிறுத்தினாள். அக்காவின் பொம்மைக்கு மட்டும் பச்சைச் சட்டை. பொத்தானை அழுத்தியதும் திரையில் தொழிற்சாலை நடமாடத் தொடங்கியது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆனால் கணக்கு உதைத்தது. நிஜத்தில் ஒரு நாளில் வெளியேறும் தட்டுகளைவிட, திரையில் ஓடிய மாடலில் குறைவாகவே வந்தன.

"மாடல் சொல்றதும் நிஜமும் ஒத்துப்போகணும் மேடம். இல்லன்னா இது வெறும் பொம்மலாட்டம்தான்" என்றார் பயிற்சியாளர்.

மறுபடி அளந்தாள். மறுபடியும் குறைவு. ஓவன் பக்கத்தில்தான் தட்டுகள் தேங்கின. பாப்பா நின்று அளந்தபோது அக்கா ஒருத்தி இழுத்த வேகத்தைவிட அதிகத் தட்டுகள் நிஜத்தில் வெளியே வந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை மாடலைத் திறந்தபோது, அக்காவின் பொம்மைக்கு எதிரே இன்னொரு பொம்மை நின்றது. பாப்பா வைக்காதது. சாம்பல் நிறம். முகத்தைப் பார்க்கலாமென்று காட்சியைச் சுழற்றினாள். முதுகு தெரிந்தது. இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். முதுகு. மேலிருந்து, கீழிருந்து, எங்கிருந்து பார்த்தாலும் முதுகுதான்.

ஓட்டினாள். தட்டின் மறுமுனையை அது பிடித்தது. இரண்டு பொம்மைகளும் சேர்ந்து இறக்கின. மாடலின் கணக்கு நிஜத்தோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

பயிற்சியாளர் எட்டிப் பார்த்தார். வாயில் மிட்டாய் உருளுவது நின்றது. "பட்டியல்ல அப்படி ஒரு பொம்மையே இல்லையே..." என்று இழுத்தவர், "அழிச்சிடுங்க மேடம்" என்றார். அழித்தாள். அடுத்த நாள் அது அதே இடத்தில் நின்றது.

அன்று மாலை, வீட்டில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, ஓவன்கிட்ட உனக்கு யாராவது கைகொடுக்கறாங்களா?"

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அக்கா திரும்பினாள். "யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. கம்ப்யூட்டர்ல உன் பொம்மைக்கு எதிர சாம்பலா இன்னொண்ணு தானா வந்து நிக்குது."

"தட்டைத் தூக்கறப்ப அந்தப் பக்கம் கனம் கொறையும். யாரோ புடிக்கிற மாதிரி. திரும்பிப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க. சொன்னா மறை கழண்டுருச்சும்பாங்க, அதான் வாயைத் திறக்கல." குரல் தாழ்ந்தது. "மொதல்ல பயந்தேன். அப்புறம் பழகிப்போச்சு."



மேனேஜர் மாடலைப் பார்க்க வரும் நாள் நெருங்கியது. சம்பளப் பட்டியலில் இல்லாத ஆளை எப்படிக் காட்டுவது? சாம்பல் பொம்மையை அழித்தாள். ஓவனில் இறக்கும் நேரத்தை மனசறிந்து குறைத்துப் போட்டு, கணக்கைப் பொருத்தினாள். மேனேஜர் கைதட்டிவிட்டுப் போனார். பயிற்சியாளர் பயிற்சி முடிந்ததென்று சொல்லி, விட்டால் போதுமென்று கிளம்பினார்.

கணக்கு ஏற்கெனவே பொருந்திவிட்டதால் அதற்கு இடமில்லை போல, இந்த முறை பொம்மை திரும்பி வரவில்லை.

ஓவன் வாசலில் நிஜமாகவே தட்டுகள் தேங்க ஆரம்பித்தன. சாம்பல் பொம்மை வருவதற்கு முன் மாடல் சொன்ன அதே குறைந்த அளவுக்கு உற்பத்தி இறங்கியது. ஒருநாள் அக்கா முழங்கையில் கட்டோடு, பாப்பா இருந்த மேல் அறைக்கு வந்தாள். தனியாக இழுத்த தட்டு சரிந்து சுட்டுவிட்டதாம்.

"பாப்பா, நீ என்னடி பண்ணித் தொலைச்ச?"

"சாம்பல் பொம்மையை அழிச்சிட்டேன்க்கா" என்றாள் பாப்பா. அக்காவை உட்காரவைத்து மாடலைத் திறந்தாள். குறைத்த நேரத்தைப் பழையபடி ஆக்கிவிட்டு, ஒரு புதுப் பொம்மையை எடுத்து ஓவனுக்கு எதிரே, அது நின்ற அதே இடத்தில் வைத்தாள். சாதாரணப் பொம்மை, கண், மூக்கெல்லாம் இருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே இருக்கையில் அதன் நிறம் வெளுத்துச் சாம்பலானது. மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டியது.

அக்கா பாப்பாவின் கையை இறுகப் பிடித்தாள். "இருக்கட்டும்டி. இனிமே தொடாத."

தொடாமல் விட மனம் வரவில்லை. அதன் விவரப் பெட்டியில் ஓய்வு நேரம் என்ற இடம் காலியாக இருந்தது. மற்ற எல்லாப் பொம்மைகளுக்கும் அவள் ஓய்வு போட்டிருந்தாள். இது மட்டும் இத்தனை காலமும் நிற்காமல் உழைத்திருக்கிறது. பாப்பா அதற்கும் மதிய இடைவேளையைப் போட்டு, சேமித்தாள்.

மறுநாள் தட்டுகள் தேங்கவில்லை. மதியம் சகோதரிகள் இருவரும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்காவின் பெஞ்சில் வேறு யாரும் இல்லை. பாப்பா முதல் கவளத்தை எடுத்தபோது அந்தப் பெஞ்சு முனகியது. அக்கா தலை நிமிராமல், தன் சாப்பாட்டை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா நகர்ற?"

"கை இடிக்குதுல்ல" என்றாள் அக்கா, சாப்பிட்டுக்கொண்டே.