கிட்ட வர்ற வரைக்கும்

அம்சவல்லியின் கையில் இருந்து கன்னியம்மாள் போனைப் பிடுங்கப் பார்த்தபோது பந்தலின் கீழ் இருந்தவர்கள் இவர்கள்: பெஞ்சின் மேல் கோபால்சாமி, தெற்கே தலை வைத்து; தலைமாட்டில் அவன் மனைவி அம்சவல்லி; எதிரே, அவன் காதோரம், அக்கா கன்னியம்மாள்; கால்மாட்டில் சாமை உலர்த்தும் தார்ப்பாயில் ஊர்ப் பெண்கள்; பந்தல் காலை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலிகளில், ஊருக்குப் பழக்கமில்லாத இரண்டு பேர். அவன் தம்பி ரமேஷ் குழி வெட்டுகிறவர்களோடு போயிருந்தான்.

"குடு இப்டி. அவன் உசுரே இதுலதான் இருந்துச்சு. குழியில அவங்கூடவே போவட்டும்."

செத்தவன் புழங்கியதை அவனோடு புதைப்பது அந்த ஊர் வழக்கம். துண்டும் சுண்ணாம்பு டப்பாவும் பித்தளை டம்ளரும் முறத்தில் தயாராக இருந்தன.

"நானே வைக்கிறேன் அண்ணி."

"நீ வப்ப. அவன் கெடையில கெடந்தப்ப மூத்தரச் சட்டிய நேரத்துக்கு வச்சியா, இத வைக்க?"

தார்ப்பாயில் ஒருத்தி தொண்டையைச் செருமினாள். புளியமரத்தில் இருந்து விழுந்த பிறகு கோபால்சாமிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கட்டிலில்தான் எல்லாம். புண்ணைத் துடைத்தது, புரட்டிப் போட்டது, சட்டி வைத்தது எல்லாம் அம்சவல்லி. வருஷத்துக்கு ஒருதரம் வந்து போனவள் கன்னியம்மாள்.

நாற்காலியில் இருந்த இளைஞன் எழுந்து வந்து குனிந்தான். கண்ணமங்கலத்தில் செல்போன் கடையில் வேலை, பேர் பெல்வின் என்று வந்ததும் சொல்லியிருந்தான். கூட வந்தவள் தங்கை ரெனி. விடியலில் பைக்கில் மலை ஏறி, ரோஜா மாலை போட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள்.

"அக்கா, அந்தப் போன குழியில போட்றாதீங்க. கொஞ்சம் உள்ள வந்தீங்கன்னா சொல்றேன்."

"இன்னொரு துண்டு எடுத்தாறேன்" என்று எழுந்தாள் அம்சவல்லி.

உள்ளே மேற்கு ஜன்னலை ஒட்டிக் கட்டில் காலியாகக் கிடந்தது. அந்த வீட்டில் டவர் கிடைப்பது அந்த ஒரு இடத்தில்தான். ஐப்பசி மழையில் சாரல் அடித்துப் படுக்கை நனைந்ததென்று அவள் கட்டிலை நகர்த்திப் போட்ட அன்றைக்கு, டம்ளர் பறந்து வந்தது. புருவத்தின் மேல் தழும்பு அதனால் வந்தது. டம்ளர் இப்போது முறத்தில் இருக்கிறது.

"நாங்க நாலு பேரு ஒரு டீமுக்கா" என்றான் பெல்வின். "துப்பாக்கி கேமு. ஞாயித்துக்கெழம பெரிய போட்டி. ரெண்டு வருசமா கஷ்டப்பட்டு ஏறி வந்துக்கீறோம். டீமு அண்ணன் பேர்ல கீது. அவரு ஐடி இல்லாட்டி எங்களால உள்ளயே போவ முடியாது. போனத் தெறந்து தலைவர் எடத்த எனக்கு மாத்திட்டா முடிஞ்சிச்சு. பேட்டர்ன் தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். அவன் முதுகைத் துடைக்கும்போதெல்லாம் அவன் விரல் இழுத்த கோடுகளை அவள் பார்த்திருக்கிறாள்.

"உங்ககிட்ட எப்டிப் பேசுவாரு?" என்று கேட்டாள்.

ரெனியின் கண் நிறைந்தது. "அவர மாதிரி யாருமே வராதுக்கா. எனக்கு ஒன்னுமே தெரியாது. தப்புத் தப்பா ஆடுவேன். ஒரு நாளு திட்டுனதில்ல. நேத்துகூட ஆட்டத்து நடுவுல, 'நீங்க முன்னால போங்க கண்ணு, நான் வந்துர்றேன்'னாரு. அப்புறம் சத்தமே இல்ல. ராத்திரி போன் போட்டப்பதான் ரமேஷ் அண்ணன் எடுத்து விசயத்த சொன்னாரு."

நேற்று அதே நேரத்தில் அம்சவல்லி கஞ்சியோடு கட்டிலருகே நின்றிருந்தாள். காய்ச்சலில் அவன் உதடு வெடித்திருந்தது. "மறைக்காத. எடுத்துகினு போடீ" என்றான். கஞ்சியை மூடி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கை தொங்கிவிட்டது.

"காலு வராதுன்னே எங்களுக்குத் தெரியாதுக்கா. காட்டாபீசுல வேலன்னு சொன்னாரு" என்றாள் ரெனி. "நீங்கதான கூட இருந்து பாத்துகினீங்க? உங்க கொரலு பின்னால கேக்கும். கஞ்சி ஆறுதுன்னு கூப்புடுவீங்க. யாருண்ணான்னு கேட்டேன். எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல, வூட்டு வேலைக்கு வர்ற அம்மான்னு சொன்னாரு."

பெல்வின் அம்சவல்லியின் கழுத்தைப் பார்த்தான். தலையில் வைத்திருந்த பூவைப் பார்த்தான். தங்கையின் கையைக் கிள்ளினான்.

அம்சவல்லி துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"ஆமா. ஆறிப்போச்சுன்னா குடிக்க மாட்டாரு" என்றாள்.

பிறகு கட்டிலில் அவன் படுத்திருந்த பள்ளத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கத்துக் குடுங்க."

"இன்னாதுக்கா?"

"இந்த ஆட்டத்த. அவரு உங்களுக்கு எப்டிக் கத்துக் குடுத்தாரோ அப்டியே. அவரு சொன்ன வார்த்தையே சொல்லு."

வெளியே மேளக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பெல்வின் வாசற்படியில் காவல் நின்றான். ரெனி தன் போனை நீட்டினாள்.

"இடது கட்ட வெரலு நடக்கறதுக்கு. வலது கட்ட வெரலு பாக்கறதுக்கு. நடக்கறதும் பாக்கறதும் ஒன்னா வரணும். எறங்குன ஒடனே ஒரு வூட்டுக்குள்ள பூந்துரணும். வெட்ட வெளியில ஓடக் கூடாது."

அம்சவல்லியின் விரல்கள் சட்டி தேய்த்துத் தடித்தவை. திரையில் இருந்த ஆள் சுவரில் முட்டி முட்டி நின்றான். வானத்தைப் பார்த்தான். எங்கிருந்தோ வெடி கேட்டது, விழுந்தான்.

"செத்துட்டேன்."

"பரவால்லக்கா."

"அவரு இன்னா சொல்வாரு?"

ரெனி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பயப்படாத கண்ணு. செத்தா இன்னா இப்போ? திரும்ப வந்துர்லாம். நான் பின்னால கீறேன்."

"இன்னொரு தபா சொல்லு."

ரெனி சொன்னாள். அம்சவல்லி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அவளுக்கு அந்த வீட்டில் பேர் 'ஏ'தான்.

இரண்டாவது தரம் ஒரு வீட்டுக்குள் புகுந்து கதவோரம் உட்கார்ந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் சுட்டாள். சுவரில் பட்டது. வந்தவன் அவளைச் சுட்டுப் போட்டுவிட்டுப் போனான்.

"அவசரப்பட்டுட்டீங்க. இதுக்கும் அண்ணன் ஒன்னு சொல்வாரு. 'சத்தம் போடாத. இங்க யாருமில்லன்னு அவன் நம்பட்டும். தெகிரியமா வரட்டும். கிட்ட வர்ற வரைக்கும் வுடு.'"

"கிட்ட வர்ற வரைக்கும்" என்று திருப்பிச் சொன்னாள் அம்சவல்லி.

மூன்றாவது ஆட்டத்தில் அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலடி வந்தது. நின்றது. மறுபடியும் வந்தது. அவள் விரல் அசையவில்லை. அவன் கதவைத் தாண்டி உள்ளே வந்து முதுகைக் காட்டிக் குனிந்து எதையோ எடுத்தபோதுதான் அழுத்தினாள்.

"சூப்பருக்கா!" ரெனி மறந்துபோய்க் கையைத் தட்டிவிட்டாள்.

பெல்வினைத் தள்ளிக்கொண்டு கன்னியம்மாள் வந்து நின்றாள். "ஏண்டீ, பொணம் வெளிய கெடக்குது, உள்ள கும்மாளமா? கைய வேற தட்டறாளுங்க. அவன் எப்ப போவான்னு காத்துகினு இருந்தியா?" திரும்பிப் பந்தலைப் பார்த்துக் கத்தினாள். "வந்து பாருங்கடி இந்த அநியாயத்த!"

"குழி ஆய்ட்சி, தூக்கலாம்" என்று ரமேஷின் குரல் வந்தது. மேளம் தொடங்கியது. கன்னியம்மாள் அழுதுகொண்டே வெளியே ஓடினாள்.

பெல்வின் வியர்த்திருந்தான். "அக்கா, இப்போ தெறக்க நேரமில்ல. சிம்ம மட்டும் உருவிக் குடுத்துருங்க. வேற போன்ல போட்டா ஓடிபி வரும். அவரு ஐடிய தெறந்துக்கலாம். எங்க ரெண்டு வருசமும் அதுலதான் கீது."

அம்சவல்லி ஜாக்கெட்டில் இருந்த ஊக்கைக் கழற்றிப் போனின் ஓரத்துத் துளையில் குத்தினாள். சிம்மை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பால் ஊத்தற வரைக்கும் சாவு வூட்டு சாமான் வெளிய போவக் கூடாது. அட்ரசு எழுதிக் குடு. நாளான்னிக்கி கண்ணமங்கலம் பஸ்ல குடுத்தனுப்பறேன். ஞாயித்துக்கெழமக்கி முன்ன உங்க கைக்கு வந்துரும்."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

ரெனி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்களும் அண்ணன் மாதிரியேக்கா."

முறத்தில் டம்ளருக்குப் பக்கத்தில் அம்சவல்லி போனை வைத்தாள். பெண்கள் குழிக்குப் போவதில்லை. பாதை வளைவு வரைக்கும் போய், மேளச் சத்தம் தேய்ந்ததும் திரும்பினாள்.

மறுநாள் பால் ஊற்றினார்கள். கன்னியம்மாள், செத்த தம்பியின் வேட்டிகளில் நல்லதாக இரண்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டாள். அதற்கடுத்த நாள் காலையில் அம்சவல்லி வீட்டைக் கழுவி, குளித்து, படையலுக்குக் கத்தரிக்காய் அரிந்தாள். கடைசிக் காயை அரிந்ததும் அருவாமனையைக் கழுவவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, சிம்மை அதன் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். சுலபமாகத்தான் இரண்டானது.

எட்டாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து. நிதானமாக, கோடு போட்ட தாளில் எழுதினாள்:

'அன்புள்ள தங்கை ரெனிக்கும் தம்பி பெல்வினுக்கும். இங்கு நலம். நீங்கள் கேட்டதை இதனுடன் வைத்திருக்கிறேன். இப்படிக்கு, கோபால்சாமி மனைவி அம்சவல்லி.'

இரண்டு துண்டுகளையும் தாளுக்குள் மடித்துக் கவரில் போட்டாள். கோந்து இல்லை. படையல் இலையில் இருந்து நாலு பருக்கை எடுத்து, ஓரத்தில் நசுக்கித் தடவி ஒட்டினாள். விலாசம் எழுதினாள்.

பஸ் வந்து நின்றது.

"கண்ணமங்கலம் ஸ்டாண்டுல செல்போன் கட. கசங்காம குடுத்துருங்க அண்ணா. எதிர்பாத்துகினு இருப்பாங்க."

கண்டக்டர் வாங்கி முகர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, சோறு வாசன வருது?"

டிரைவரின் தலைக்கு மேலே, சாமி படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அதைச் செருகிவிட்டு விசில் கொடுத்தார்.