ஐதராபாத்தில் இருக்கும் மகள்

தனப்பிரியா ஐதராபாத்தை விட்டு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரில் அப்பா அம்மாவைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

அங்கே கோழிகளைத் தாக்கும் வைரஸ்களை ஆறு வருடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். பிறகு இரண்டு வருடம் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்ததும் அதுவும் போயிற்று. எங்கெங்கோ விண்ணப்பம் போட்டாள். கடைசியில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடம்தான் கூப்பிட்டது. பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிகளின் ரத்தம் எடுத்து வந்து, தடுப்பூசியின் பலம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனிச் சட்டை, ரப்பர் பூட்ஸ், தோளில் ஐஸ் பெட்டி.

வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவள் எழுதிய கட்டுரைகளை யார் படித்தார்களோ, தெரியாது. இங்கே, "இந்த ஷெட்டுக்கு இந்த வாரமே ஊசி போட்டுடுங்க" என்று அவள் சொன்னால் ஒரு பண்ணை பிழைத்தது.

அப்பா சின்னண்ணனுக்குத்தான் அது தாங்கவில்லை. எருமப்பட்டிப் பக்கம் எட்டாயிரம் முட்டைக்கோழி வைத்திருந்தார். மகள் விஞ்ஞானி என்று போகிற கல்யாண வீடெல்லாம் சொன்னவர்.

"கோழிப் பீயிலயே கெடந்தவன் நான். நீயும் பண்ணை பண்ணையாப் போறேன்னு எப்படிச் சொல்றது சாமி? நல்ல வேலை கெடைக்கற வரைக்கும் ஐதராபாத்துலயே இருக்கறாப்ல இருக்கட்டும்."

அவள் அந்தப் பக்கத்துப் பண்ணைகளை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு, ராசிபுரம், திருச்செங்கோடு என்று போனாள்.

ஆடியில் ஒரு நாள் போனில் கேட்டாள். "ஊசி போட்டு நாளாச்சுங்கப்பா. நம்ம ஷெட்டுல ஒரு முப்பது கோழிக்கு ரத்தம் எடுத்துட்டுப் போறேன்."

"ஆளுங்க பாப்பாங்க சாமி. அப்பறம் பாத்துக்கலாம்."

வேறு ஆளையாவது அனுப்பியிருக்கலாம். அவள் வற்புறுத்தவில்லை.

புரட்டாசியில் அம்மா வசந்தாமணி அழுதுகொண்டே கூப்பிட்டாள். தனப்பிரியா போய்ச் சேர்ந்தபோது கூண்டுகளில் கோழிகள் கழுத்து திருகிக் கிடந்தன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். செத்ததை மூட்டை மூட்டையாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம் எடுக்காமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருடம் அவள் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்த அதே வைரஸ். ஆனாலும் எடுத்தாள்.

பக்கத்துத் தோட்டத்துக் கண்ணுசாமி வேலியோரம் வந்து நின்றார். அவளுடைய சட்டையையும் பூட்ஸையும் பார்த்தார்.

"ஏம்மா, ஐதராபாத்துல இருந்து எப்ப வந்தே?"

அவள் வாய் திறப்பதற்குள் ஷெட்டின் கோடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நேத்துத்தான் வந்துச்சு. லீவு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா செத்த கோழி ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் கண்கள் அவளைக் கெஞ்சின.

"ஆமாங்க மாமா," என்றாள். "நேத்துத்தான்."

பாதிக்கு மேல் போயிற்று. மீதியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். ஷெட் காலியாயிற்று. ஆடியில் அவள் ரத்தம் எடுக்கக் கேட்டதை அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம்.

தீபாவளிக்கு முன் அம்மா பேசினாள். "ஊட்டுக்கு வா கண்ணு. மூணு நாள் லீவுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

போனாள். மூன்றாம் நாள் காலையில் அம்மா, ரயிலில் சாப்பிட என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே, புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அப்பா வண்டியில் கொண்டுபோய் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் விட்டு, பஸ் கிளம்பும் வரை நின்றார். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு சாமி," என்றார், நெடுந்தூரம் போகிறவளிடம் சொல்வதுபோல.

சேலத்தில் தன் ஃபேர்லேண்ட்ஸ் அறைக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தாள். சோறு இன்னும் சூடாக இருந்தது.