ஏணிக் கணக்கு

வாளியும் விளக்குமாறுமாக வந்த சுப்பம்மாவைத் தங்கம்மா உள் காம்பரா அறைக்குள் விடவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். சாவுத் தப்பின் சத்தம் ரப்பர் மலையைச் சுற்றிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி கஜேந்திரனின் பெட்டி இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருக்கும். ஆம்பளைகள் புதைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வீட்டைக் கழுவி விட்டுவிட வேண்டும். தோட்டத்து லய வீடுகளில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

"தள்ளுடி. தரையும் செவுரும் சேத்துத்தான் கழுவணும். சாவு வூடு" என்றாள் சுப்பம்மா.

"தரைய கழுவிக்கங்க சின்னம்மா. செவுரு வேணாம்."

"ஏன், செவுத்துல தங்கமா பூசியிருக்கு?"

"தம்பி எழுதுனது இருக்கு."

அடுத்த காம்பராவில் குடியிருக்கும் சுப்பம்மாவுக்கு அது தெரியாததா என்ன? படித்து முடித்து வந்த வருஷமே கஜேந்திரன் அந்தச் சுவரைக் கறுப்பாக்கிவிட்டான். பழைய டோர்ச் பெட்டரிகளை உடைத்துக் கரி எடுத்து, தங்கம்மா மலையிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த ரப்பர் பாலில் குழைத்துப் பூசினான். "படுக்கிற எடத்துல இப்பிடி இருட்ட அப்பி வச்சா எப்பிடிடா?" என்று அவள் சத்தம் போட்டாள். அவன் சிரித்துக்கொண்டே பூசினான். அன்றிலிருந்து பின்னேரமானால் அங்கே அவன் நடத்தும் உயர்தரக் கணக்கு வகுப்பு. தோட்டத்துப் பிள்ளைகள் சாக்கு விரித்து உட்காருவார்கள். பசாரிலிருந்து கடைக்காரர் மகள் இன்ஷிராவும் வருவாள். தங்கம்மா அடுப்படியில் இருந்தபடி தீட்டா, லம்டா, ஒமேகா என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பெயர்களெல்லாம் சொந்தக்காரர்களின் பெயர்கள் மாதிரி அவளுக்குப் பழகிப்போயின.

லயத்துக்குப் பின்னால் சாக்கடைக் கான் அடைத்துக்கொண்டபோது அவன்தான் இறங்கிச் சுத்தம் செய்தான். எலிக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வேனில் ஏறும்போது கண் இரண்டும் மஞ்சளாகிக் கிடந்தன. அப்போதும் அவன் சொன்னது இதைத்தான்: "அக்கா, கணக்கு பாதில நிக்குது. செவுர அழிச்சிராத. வந்து முடிக்கிறேன்."

அம்மா அப்பா போன பிறகு தங்கம்மா தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் கை பட்டது என்று இனி என்ன இருக்கிறது? இரண்டு சேர்ட்டும் இந்தச் சுவரும்தான்.

சுப்பம்மா விடவில்லை. "பவ்டி, பாவம் அந்தப் புள்ள, எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா முறைன்னு ஒன்னு இருக்குல்ல?" என்று அவளை மெதுவாக ஒதுக்கிவிட்டு, சுவரைத் துடைக்க வாளியில் நனைத்த சாக்கைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஆத்தா... தாயி!"

சுவரின் நடுவில், சிவப்புச் சோக்கில், பெரிதாக ஒரு சூலம் இருந்தது. சுப்பம்மா சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியாடி! போகப் போறோம்னு புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. அம்மன் காலடியில எழுதி வச்சிட்டுப் போயிருக்கு."

அது சூலமில்லை என்று தங்கம்மாவுக்குத் தெரியும். போன மாதம் அவளே கேட்டிருந்தாள், "என்னாடா, கணக்குல காளியாத்தாவ எழுதுற?" என்று. அது சை என்கிற எழுத்து என்று அவன் சொன்னான். கிரேக்கக்காரன் எழுத்தாம். இப்போது அதைச் சொன்னால் சாக்கு மறுபடியும் மேலே போகும். அதனால் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுப்பம்மா ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் அம்மனே நேரில் வந்து இல்லை என்றாலும் கேட்க மாட்டாள். தரையை மட்டும் கழுவினாள். எழுத்தின் அடியில் குங்குமம் வைத்தாள். புதைத்துவிட்டுத் திரும்பி வந்த தோட்டத் தலைவர் ஏழுமலையும் எட்டிப் பார்த்து, தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, ஒரு சூடம் கொளுத்தி வைத்துப் போனார். சுவர் தப்பித்தது.

மறுநாள் காலையில் குழிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு பிள்ளைகள் வந்தார்கள். இன்ஷிரா ஒரு பையில் சீனியும் தேயிலையும் கொண்டுவந்திருந்தாள். அதைக் கையில் கொடுத்தவள், "அக்கா" என்று தொடங்கி, மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள். அடுத்த வாரம் அவர்களுக்கு உயர்தரச் சோதனை. வேறு எங்கே போவதென்று தெரியாமல் வந்திருந்தார்கள்.

தங்கம்மா அவளைச் சுவர் முன்னால் கூட்டிப் போனாள். "தம்பி கடைசியா என்னா எழுதியிருக்கு? எனக்குச் சொல்லு."

"ஏணிக் கணக்கு அக்கா. செவுத்துல ஒரு ஏணி சாஞ்சி ஈக்கி. அதுல ஒரு ஆள் ஏறுறாரு. எவ்வளவு ஒசரத்துக்கு ஏறலாம், எப்ப வழுக்கும்னு கண்டுபுடிக்கோணும். ஏணி சாய்வுக்குத் தீட்டா. கட்டின கயித்துக்கு ஃபை. மூணாவதா ஒரு கோணம் வந்திச்சி..." அவள் குங்குமத்தைப் பார்த்தாள். சூடம் எரிந்த கரியையும் பார்த்தாள். அந்த எழுத்தின் பெயரைச் சொல்லாமல் அடுத்ததுக்குப் போனாள். "இது மியூ. தரை ஏணிய எவ்வளவு புடிச்சிக்கிதுங்கிறது."

"மியூன்னா எப்பயும் அதுதானா?"

"இல்லக்கா. வேற பாடத்துல அது வேற. லம்டான்னா ஃபிசிக்ஸ்ல அலைநீளம், கணக்குல சும்மா ஒரு எண். ஒவ்வொரு தடவையும் தொடங்கக்குள்ளேயே இது இன்னதுன்னு நாங்க சொல்லி வைக்கோணும். கஜேந்திரன் சேர் அத விடவே மாட்டாங்க."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி வெறும் கோடுதான் அக்கா."

தங்கம்மா ஏணிப் படத்தைக் காட்டினாள். "அந்த ஆளு ஏறிட்டானா?"

"தெரியா. சேர் முடிக்கல்ல."

தங்கம்மா தேத்தண்ணி வைக்கப் போனாள். கேத்தலில் தேத்தண்ணியும் கையில் கருப்பட்டியுமாகத் திரும்பி வந்தபோது பிள்ளைகள் சுவரடியில் குந்தியிருந்தார்கள். கஜேந்திரனின் எழுத்துக்கும் தரைக்கும் இடையில் ஒரு சாண் இடம் இருந்தது. இன்ஷிரா அந்த இடத்தில், கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து, எறும்பு எறும்பாக எழுதி மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எக்கி எக்கிப் பார்த்தான். இரண்டு வரி தாண்டியதும் தரை வந்துவிட்டது. இன்ஷிரா சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். கஜேந்திரன் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட அவள் தொடவில்லை.

அனே, பாவம், இந்தப் பிள்ளைகளை என்ன செய்ய? தங்கம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். கேட்டாள், "தம்பி எழுதுனத எல்லாம் கொப்பில எழுதிக்கிட்டிங்களா?"

"எழுதிட்டோம் அக்கா."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

அவள் வெளியே போய், கொடியில் கிடந்த துண்டை எடுத்து வாளியில் முக்கிப் பிழிந்தாள். வாசலில் இருந்த சுப்பம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"என்னாடி பண்ணப் போற? நேத்து என்னைய தொட விடல!"

"எடம் பத்தல சின்னம்மா."

"அடிப்பாவி, சூலம்டி அது! கண்ணு அவிஞ்சிரும்!"

"சூலம் இல்ல. அது சை. ஏணிக் கணக்குல மூணாவது கோணம். நேத்தே எனக்குத் தெரியும். சொல்லல, அவ்வளவுதான்."

தங்கம்மா மேல் மூலையில் இருந்து தொடங்கினாள். தம்பியின் சாய்ந்த எழுத்து ஒவ்வொரு வரியாகப் போயிற்று. மியூ போயிற்று. ஏணியும் அதில் ஏறிய ஆளும் போனார்கள். குங்குமமும் சிவப்புச் சோக்கும் கலந்து முழங்கை வரை வழிந்தன. ஒரு இடத்தில் அவள் கை நின்றது. அங்கே நெற்றியை வைத்து, சத்தமில்லாமல் கொஞ்சம் அழுதாள். பிறகு அதையும் துடைத்தாள்.

"எழுதும்மா. மொதல்ல இருந்து எழுது. எது என்னான்னு சொல்லிட்டு எழுது."

இன்ஷிரா எழுந்து சோக்கை வைத்துப் பார்த்தாள். ஈரத்தில் அது வழுக்கியது. ஒரு கோடும் விழவில்லை.

"இப்ப எழுதாதும்மா, காயணும்" என்றாள் சுப்பம்மா. "ஒரு முறையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது இந்தப் பொம்பளைக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே போய், தன் வீட்டுச் சொளகை எடுத்து வந்தாள். பிள்ளைகளை ஒதுங்கி உட்காரச் சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவருக்கு விசிற ஆரம்பித்தாள்.